விண்மீனுக்குச் சொந்த ஊர் எது?

முன்பின் அறியாத இருவர் ஓரிடத்தில் சந்திக்கும்போது எழும் முதல் வினாக்களுள் ஒன்று, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதாகும். வெறும் முகமனாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் ஆழ்ந்த நம்பிக்கை ஒன்று பொதிந்து கிடக்கிறது. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதை அறிந்துவிட்டால், அவர் யார் என்பதையும் பெருமளவு அறிந்துவிடலாம் என்பதே அந்நம்பிக்கை. அது சற்று இறுகும்போது, 'இவ்விடம் எங்களுடையது, நீங்கள் இடையில் வந்தவர்கள்' என்னும் குரலாக மாறுகிறது. மேலும் இறுகும்போது, 'எங்களிடம் உள்ளவை எல்லாம் நாங்களே தேடிக்கொண்டவை, எவருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள் அல்லர்' என்னும் செருக்காகவும் வளர்கிறது.

இவ்விரு கூற்றுகளையும் அறநூல்களைக் கொண்டு எடைபோடுவதே வழக்கம். இங்கு நாம் சற்று வேறு வழியில் செல்ல விழைகின்றோம். பிறப்பிடம், குடிபெயர்வு, கொடை, கடன் என்னும் சொற்களை இன்றைய வானியலார் விண்மீன்களைப் பற்றியும் பேச வேண்டிய நிலைக்கு வந்திருக்கின்றனர். விண்மீன்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதும், அவை தாம் பெற்றவற்றையும் ஆக்கியவற்றையும் வேறிடங்களில் விட்டுச் செல்கின்றன என்பதும் கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவாகியுள்ளன. அந்த உண்மைகள் மேற்கண்ட கூற்றுகளின்மீது எவ்வகை ஒளியைப் பாய்ச்சுகின்றன என்பதே நம் சிந்தனைக்குரிய பொருள்.

கொடையால் வளர்ந்த உலகு

அகிலம் தோன்றி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் அதில் இருந்த தனிமங்கள் ஹைட்ரஜனும் ஹீலியமும் மிகச் சிறிதளவு லித்தியமுமே. நம் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து, குருதியிலுள்ள இரும்பு, நாம் மூச்சில் ஏற்கும் ஆக்ஸிஜன் ஆகிய எதுவும் அன்று இல்லை. இவை யாவும் விண்மீன்களின் உலையில் வெந்து வெளிவந்தவை. ஹீலியத்தைக் காட்டிலும் கனமான எல்லாத் தனிமங்களையும் வானியலார் 'உலோகம்' என்று ஒரே சொல்லால் குறிப்பர். கார்பனும் ஆக்ஸிஜனும்கூட அவர்கள் வழக்கில் உலோகங்களே. நம் கதிரவனின் நிறையில் இவ்வுலோகங்கள் நூற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு மட்டுமே. ஆயினும் அந்த ஒன்றரைப் பங்கு இல்லையேல் மண்ணும் இல்லை, மனிதனும் இல்லை.

விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதை மனிதர் ஒருபோதும் அறிய இயலாது என்று 1835ஆம் ஆண்டில் பிரெஞ்சு மெய்யியலார் ஒகுஸ்த் கோந்த் எழுதினார். அடுத்த கால் நூற்றாண்டுக்குள், ஒளியை நிறமாலையாகப் பிரித்து அதிலுள்ள கருங்கோடுகளால் தனிமங்களை இனங்காணும் கலை பிறந்துவிட்டது. உரோமை நகரில் புனித இஞ்ஞாசியார் ஆலயக் கூரைமேல் அமைந்த ஆய்வுக்கூடத்திலிருந்து, இயேசு சபைக் குருவாகிய ஆஞ்சலோ செக்கி 1860களில் நூற்றுக்கணக்கிலும் பின்னர் ஆயிரக்கணக்கிலும் விண்மீன்களின் நிறமாலைகளைப் பார்த்து அவற்றை வகைப்படுத்தினார். அக்கோடுகளின் வலிமை வெப்பத்தைப் பொறுத்து எவ்வாறு மாறும் என்பதை 1920இல் நம் நாட்டு அறிஞர் மேக்நாத் சாகா ஒரு சமன்பாட்டால் விளக்கினார். அதன் துணைகொண்டே, விண்மீன்களில் மிகுந்திருப்பவை ஹைட்ரஜனும் ஹீலியமும் என்பதை 1925இல் சிசிலியா பெய்ன் கண்டறிந்தார்.

1957ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனிச்சிறப்புடையது. அவ்வாண்டு மே மாதத்தில் வத்திக்கானில், திருத்தந்தையின் அறிவியல் கழகத்தின் ஆதரவில், விண்மீன்களின் 'குடிகள்' பற்றிய கருத்தரங்கு ஒன்று நிகழ்ந்தது. வால்ட்டர் பாடே, யான் ஊர்ட், பிரெட் ஹாயில், வில்லியம் பவுலர் முதலியோர் அதில் ஒன்றுகூடினர். முதியவை, இளையவை, உலோகம் குறைந்தவை, மிகுந்தவை என விண்மீன்களுக்கும் தலைமுறைகள் உண்டு என்ற எண்ணம் அங்கு விரிவாக ஆராயப்பட்டது. தனிமங்கள் விண்மீன்களுக்குள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை விளக்கும் புகழ்பெற்ற ஆய்வுரையை ஹாயிலும் பவுலரும், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இணையருடன் சேர்ந்து வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

விண்மீன்கள் தம் உடைமையை வெளியிடும் வழிகள் பல. கதிரவனைப்போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட நிறையுள்ளவை விரைந்து எரிந்து, சில பத்து இலட்சம் ஆண்டுகள் முதல் சில கோடி ஆண்டுகளுக்குள் சூப்பர்நோவாவாக வெடித்து மடிகின்றன. ஆக்ஸிஜன், மக்னீசியம் போன்றவை பெரும்பாலும் இவற்றின் கொடை. வாழ்நாள் குறுகியதாதலால் இவை பிறந்த இடத்துக்கு அருகிலேயே மடிகின்றன. இடைத்தர நிறையுள்ளவை நெடுங்காலம் வாழ்ந்து, முதுமையில் தம் புறப்படலங்களை மெல்ல உதிர்த்து, கார்பனையும் நைட்ரஜனையும் பேரியத்தையும் தருகின்றன. அவற்றின் எச்சமாகிய வெண்குள்ளன்களுள் சில, துணைவிண்மீனோடு கொண்ட உறவால் பின்னொரு நாள் வெடித்து, இரும்பைப் பெருமளவில் இறைக்கின்றன. அந்நாள் வருவதற்குச் சில கோடி ஆண்டுகளும் ஆகலாம், பல நூறு கோடி ஆண்டுகளும் ஆகலாம்.

இவையன்றி, எண்ணிக்கையில் மிகுந்த சிறு விண்மீன்களும் உண்டு. அகிலத்தின் வயது முழுவதும் கழிந்தும் அவற்றுள் ஒன்றேனும் இன்னும் முதிர்ந்து மடியவில்லை. அவை எதையும் கொடுப்பதில்லை. ஆனால் அவற்றுக்கும் ஒரு பணி உண்டு. தாம் பிறந்த நாளில் அங்கிருந்த வளி எத்தகையது என்பதை அவை தம் மேனியில் மாறாது காத்து வைத்திருக்கின்றன. கொடுத்தவர்கள் மறைந்துவிட்டனர். கொடை நிகழ்ந்ததற்குச் சான்று சொல்லவோ இந்த நெடுவாழ்வினர் இருக்கின்றனர்.

மூடிய பெட்டி

நாம் வாழும் பால்வெளி மண்டலம் ஒரு தட்டின் வடிவினது. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு. அதில் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் மையத்தைச் சுற்றி வருகின்றன. கதிரவன் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் நின்று, ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. தன் 460 கோடி ஆண்டு வாழ்வில் அது சுமார் இருபது முறை வலம்வந்திருக்கும்.

இத்தட்டின் உட்பகுதி வளமானது. அங்கே வளி அடர்ந்திருந்ததால் விண்மீன்கள் விரைந்தும் மிகுதியாகவும் தோன்றி மடிந்தன. அதனால் உலோகச் செறிவு மிகுந்தது. வெளியே செல்லச் செல்ல அச்செறிவு குறைகிறது. ஏறத்தாழ மூவாயிரம் ஒளியாண்டு வெளிப்புறம் சென்றால் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது பொதுவான அளவு. ஆகவே ஒரு விண்மீனின் உலோகச் செறிவும் வயதும் தெரிந்தால் அது தட்டின் எவ்வளையத்தில் பிறந்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

இதன் வரலாற்றைக் கணக்கிடப் புகுந்த அறிஞர்கள் முதலில் எளியதோர் எடுகோளைக் கொண்டனர். தட்டின் ஒவ்வொரு வளையமும் ஒரு மூடிய பெட்டி. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வருவதில்லை, உள்ளிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அங்கே பிறந்தவை அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மடிந்து, தம் பின்தலைமுறைக்கு அங்கேயே உலோகத்தை விட்டுச் செல்கின்றன. கணக்குக்கு இது வசதியாக இருந்தது. ஆனால் உண்மை இதற்கு இணங்கவில்லை. பெட்டி உண்மையிலேயே மூடியிருந்தால், நம் சுற்றுப்புறத்தில் உலோகம் குன்றிய முதிய விண்மீன்கள் ஏராளமாக இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தபோது அவை மிகச் சிலவே இருந்தன. 1962இலும் 1963இலும் சிட்னி வான் டென் பெர்க், மார்ட்டன் ஷ்மிட் ஆகியோர் இம்முரணை எடுத்துக்காட்டினர். புறத்திலிருந்து புதுவளி தொடர்ந்து தட்டின்மேல் வந்து பொழிந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் உணரலாயினர். பெட்டியின் மூடி திறந்தது.

பக்கச் சுவர்களும் நிலைக்கவில்லை. 1993இல் பெங்ட் எட்வர்ட்சனும் அவர்தம் குழுவினரும் கதிரவனுக்கு அண்மையிலுள்ள 189 விண்மீன்களை நுணுகி ஆராய்ந்து வெளியிட்டனர். ஓரிடத்தில் அடுத்தடுத்துப் பிறந்த தலைமுறைகளாயின், இளையவை உலோகம் மிகுந்தும் முதியவை குறைந்தும் ஓர் ஒழுங்கில் அமைதல் வேண்டும். அவர்கள் கண்டதோ வேறு. ஒரே வயதுடையவற்றுள்ளும் உலோகச் செறிவு பெரிதும் வேறுபட்டது. கதிரவனைப்போல் இருமடங்கு உலோகம் கொண்ட முதியவையும் நம் அண்டையில் உண்டு. நம் பகுதியின் வளியில் இன்றுகூட அத்துணைச் செறிவு இல்லை. அப்படியாயின் அவை இங்கே பிறந்திருக்க முடியாது. வளமிக்க உட்பகுதியிலிருந்து வந்தவையாகவே இருத்தல் வேண்டும்.

முளை பெயர்தல்

எவ்வாறு வந்தன? ஒன்றோடொன்று மோதித் தள்ளப்பட்டனவா? இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் இயக்கம் பற்றி 1942இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தார். விண்மீன்களுக்கிடையிலான தொலைவு மிகப் பெரிது. தனியொரு விண்மீன் மற்றொன்றைக் கடந்து செல்லும்போது ஏற்படும் இழுப்பு மிகச் சிறிது. அத்தகைய சந்திப்புகளால் ஒரு விண்மீனின் பாதை குறிப்பிடத்தக்க அளவு மாற, அகிலத்தின் வயதைக் காட்டிலும் மிக நீண்ட காலம் வேண்டும்.

பாதையை மாற்றுவது தனிச் சந்திப்பு அன்று, பெருங்கூட்டத்தின் அலை. தட்டில் தோன்றி மறையும் சுருள்கரங்கள் அத்தகைய அலைகளே. இவற்றின் செயலை இருவகையாகப் பிரித்துக் காணலாம். முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு உள்ளும் புறமும் சென்று மேய்கிறது. முளை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதுபோல், பாதை சற்று நீள்வட்டமானால் விண்மீன் உள்ளும் புறமும் அலைந்து திரும்பும். இது முதல் வகை. இரண்டாம் வகையில் முளையே பிடுங்கப்பட்டு வேறிடத்தில் அறையப்படுகிறது. இந்த இரண்டாம் வகை எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஜெரி செல்வுட், ஜேம்ஸ் பின்னி ஆகியோர் 2002இல் விளக்கினர்.

திருவிழாத் தேர்ப்பவனியை எண்ணிப் பார்ப்போம். தேரைவிட விரைந்து நடப்போர் அதைக் கடந்து போய்விடுவர். மெதுவாக நடப்போர் பின்தங்குவர். தேரின் நடைக்கு ஒத்த நடையுடையோரே அதன் அருகில் நெடுநேரம் இருப்பர். நெருக்கம் அவர்களையே தொடர்ந்து தள்ளி, அவர்கள் எண்ணாத தெருவுக்குக் கொண்டு சேர்க்கும். சுருள்கரமும் ஒரு வேகத்தில் சுழல்கிறது. அதன் உட்புறத்து விண்மீன்கள் அதனை முந்துகின்றன, வெளிப்புறத்தவை பிந்துகின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு வளையத்தில் விண்மீனும் கரமும் உடன்செல்கின்றன. அங்கே கரத்துக்குச் சற்றுப் பின்னிருக்கும் விண்மீன் முன்னோக்கி இழுக்கப்பட்டு, கோண உந்தம் பெற்று, வெளிப்புறம் பெயர்கிறது. சற்று முன்னிருப்பது பின்னோக்கி இழுக்கப்பட்டு உட்புறம் பெயர்கிறது. சில சுற்றுகளில் அந்தக் கரம் கலைந்து போகும். பெயர்ந்தவை புதிய இடத்தில் முன்போலவே ஏறத்தாழ வட்டமான பாதையில் வலம்வரும்.

இதில் இரு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, வெளியே செல்வனவற்றுக்கு ஈடாக உள்ளே வருவனவும் உண்டு. ஒருசாராரின் ஆதாயம் மறுசாராரின் இழப்பாக அமைந்து, மொத்தக் கணக்கு ஒத்துவருகிறது. மற்றொன்று, இத்தனை இடப்பெயர்வு நிகழ்ந்தும் தட்டு குலைவதில்லை. வந்தவற்றின் இயக்கத்தைப் பார்த்து அவை வந்தவை என்று கண்டுபிடிக்கவும் இயலாது. அவற்றின் மேனியிலுள்ள தனிமங்களே பிறப்பிடத்தைச் சொல்கின்றன.

கதிரவனும் வந்தேறியே

நம் கதிரவன் நிலை என்ன? 1996இல் ரோலண்ட் வீலனும் அவர்தம் துணைவரும் இவ்வினாவை எழுப்பினர். கதிரவன், அண்டையில் தன்னோடு ஒத்த வயதுடைய விண்மீன்களின் சராசரியைவிட உலோகம் மிகுந்தது. இப்போது நம் பகுதியில் புதிதாய்ப் பிறக்கும் விண்மீன்களும் கதிரவனை ஒத்த உலோகச் செறிவே கொண்டுள்ளன. 460 கோடி ஆண்டுக்கு முன் இவ்விடத்தின் வளி இன்றுள்ளதைவிட ஏழ்மையாய் இருந்திருக்கும் அல்லவா? ஆகவே கதிரவன் வளமிக்க உட்பகுதியில் பிறந்து வெளியே வந்தது என்பது அவர்கள் முடிவு. ஏறத்தாழ ஆறாயிரம் ஒளியாண்டு பெயர்ந்திருக்கலாம் என்று அவர்கள் கணித்தனர். பிந்திய கணிப்புகளுள் சில இத்தொலைவை மூவாயிரம் அளவுக்குக் குறைக்கின்றன. தொலைவில் கருத்து வேறுபாடு உண்டெனினும், கதிரவன் இருந்த இடத்திலேயே இருந்துவிடவில்லை என்பதையே பெரும்பாலான சான்றுகள் சுட்டுகின்றன.

விண்மீன்கள் தனித்துப் பிறப்பதில்லை. ஒரே முகிலிலிருந்து கூட்டமாகவே பிறந்து பின் பிரிகின்றன. கதிரவனின் உடன்பிறப்புகளும் அவ்வாறே தட்டெங்கும் சிதறிப் போயின. தனிமங்களின் அளவை ஒரு குலமுத்திரைபோல் கொண்டு, பிரிந்துபோன உடன்பிறப்புகளை இனங்காணலாம் என்று கென் ஃப்ரீமன், ஜாஸ் பிளாண்ட்-ஹாத்தார்ன் ஆகியோர் 2002இல் முன்மொழிந்தனர். அவ்வெண்ணத்தின் விளைவாக எழுந்த ஆஸ்திரேலிய ஆய்வுத் திட்டம் ஒன்று ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களில் முப்பது வரையான தனிமங்களை அளந்துள்ளது. 2013இல் ஏவப்பட்டு 2025இல் பணி முடித்த 'கையா' விண்கலம் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் இடத்தைக் குறித்துத் தந்தது. 110 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் கதிரவனின் உடன்பிறப்பாக இருக்கலாம் என்று 2014இல் சிலர் அறிவித்தனர். அதற்கு மிக அருகில் இருக்கும் அண்டை விண்மீன்களோ வேறு முகில்களில் பிறந்தவை. குருதியுறவு தொலைவிலும் அயலுறவு அருகிலுமாக அமைந்த வாழ்வு கதிரவனுடையது.

இயற்கை அறம் கற்பிக்குமா?

இங்கே எச்சரிக்கையோடு அடியெடுத்து வைக்க வேண்டும். விண்மீன் கொடுக்கிறது என்று சொல்கிறோம். ஆனால் அது விரும்பிக் கொடுப்பதில்லை. வெடிக்கும் விண்மீன் தியாகி அன்று, வெடிக்காத சிறுவிண்மீன் கருமியும் அன்று. விருப்பும் தெரிவும் இல்லாத இடத்தில் அறமும் இல்லை, மறமும் இல்லை. மேலும், 'இவ்வாறு இருக்கிறது' என்பதிலிருந்து 'இவ்வாறு இருக்க வேண்டும்' என்பது தானே பிறந்துவிடாது. விண்மீன்கள் குடிபெயர்வதால் மனிதரும் குடிபெயரலாம் என்று வாதிடுவோருக்கு, விண்மீன்கள் வெடிப்பதால் மனிதரும் வெடிக்கலாமோ என்று மற்றொருவர் மறுமொழி கூறிவிடக் கூடும்.

அப்படியாயின் இவ்வாராய்ச்சியால் பயன் என்ன? ஒரு கடமையை ஆக்கித் தர இயற்கைக்கு வலிமை இல்லை. ஆனால் கடமையிலிருந்து தப்புவதற்கு நாம் சொல்லும் பொய்க் காரணங்களைத் தகர்க்க உண்மைக்கு வலிமை உண்டு. 'இவ்விடம் என்றுமே எங்களுடையது' என்பது ஓர் அறக்கூற்று அன்று, வரலாற்றுக் கூற்று. 'எல்லாம் நாங்களே தேடியவை' என்பதும் அவ்வகையினதே. அவை பொய்யாயின், அவற்றின்மேல் எழுப்பிய மறுப்பும் சரிந்துவிடும். அண்டையாரை 'வந்தவர்' என்று ஒதுக்கும் மனிதன் நிற்கும் மண்ணும், அம்மண்ணைத் தாங்கும் கோளும், அக்கோளை ஈர்க்கும் கதிரவனும் வேறிடத்திலிருந்து வந்தவையாயிருக்க, என்றுமுள்ள உரிமை என்று எதைச் சொல்வது? அயலார் யார் என்னும் வினாவுக்கு நல்ல சமாரியர் உவமை, பிறப்பைக் கொண்டன்று, வழியில் கிடந்தவன் அருகே நின்றதைக் கொண்டே விடை தருகிறது என்பதும் இங்கு நினைவுக்கு வருகின்றது.

இதிலிருந்து, பிறப்பிடம் பொருளற்றது என்று முடிவு கட்டுவதும் தவறாகும். எல்லாம் கலந்துவிட்டது, வேர் என்று ஒன்றில்லை என்று சொல்லி எளிதில் அமைதியடைவோர் உளர். விண்மீன்கள் அதையும் மறுக்கின்றன. எத்தனை தொலைவு பெயர்ந்தாலும், பிறந்த முகிலின் முத்திரை அவற்றின் மேனியிலிருந்து அழிவதில்லை. பிறப்பு ஒருவருடைய இருப்பிடத்தை வரையறுக்காது, ஆனால் அவர் பெற்றவற்றை வரையறுக்கும். தாய்மொழியும் இளமையில் கற்ற செபமும் பாட்டும் அத்தகையவை. அவை நாம் பெற்றவை, நாம் தேடியவை அல்ல.

பெற்றவற்றிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. உலோகம் மிகுந்த விண்மீன்களைச் சுற்றிப் பெருங்கோள்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதை 2005இல் டெப்ரா பிஷரும் ஜெஃப் வாலென்டியும் நிறுவினர். அந்த உலோகம் அவ்விண்மீனின் முயற்சியால் வந்ததன்று, அதற்கு முன் மடிந்தவற்றால் வந்தது. வளமான வளையத்தில் பிறந்தது அதன் தகுதியுமன்று. நல்ல பள்ளியும் படித்த பெற்றோரும் நூல்கள் நிறைந்த வீடும் வாய்க்கப்பெற்ற ஒருவர் தம் உயர்வைத் தம் திறமை என்று மட்டுமே கணக்கெழுதும்போது, மடிந்தவர்களின் பெயரைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடுகிறார்.

யாருக்குக் கடன்?

கடன் உண்டு என்று ஒப்பினால், அதை யாருக்குத் திருப்புவது? கொடுத்தவர்கள் இல்லை. நம் இரும்பைத் தந்த விண்மீன் எதுவென்று எவராலும் சுட்ட இயலாது. கொடுத்தவரிடம் திருப்ப முடியாத கடனைப் பின்வருவோரிடமே செலுத்த முடியும். இதுவரை ஐயமில்லை. பின்வருவோர் எங்குள்ளவர்கள் என்பதே கடினமான வினா. ஓர் ஊர் ஒருவரை வளர்த்தது. அவ்வூரின் ஆசிரியர்கள் கற்பித்தார்கள், உறவினர் கடன்பட்டுப் படிக்க வைத்தார்கள். அவர் வேறொரு நாட்டில் வாழ்ந்து, அங்குள்ள நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கிறார். அவர் பிறந்த ஊரை வஞ்சித்தவரா?

இதற்கு விண்மீன்களின் இருவகைக் கொடை ஒரு வெளிச்சம் தருகிறது. ஆக்ஸிஜன் விரைந்து மடிவோரின் கொடை, அது பிறந்த இடத்திலேயே கொடுக்கப்படுகிறது. இரும்பின் பெரும்பகுதி காலந்தாழ்த்திக் கொடுப்போரின் கொடை. அவர்களுள் பலர் அதற்குள் நெடுந்தொலைவு பெயர்ந்திருக்கக்கூடும். நம் பூமியின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரும்பு, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆக்ஸிஜன். உள்ளூரிலேயே கொடுத்து மடிந்தோரும், எங்கோ பிறந்து இங்கு வந்து கொடுத்தோரும் சேர்ந்தே நாம் நிற்கும் நிலத்தை ஆக்கினர். ஊரிலேயே தங்கி ஊருக்காக உழைப்பவரின் கொடையும், பெயர்ந்த இடத்தில் உழைப்பவரின் கொடையும் இவ்வாறே ஒன்றை ஒன்று நிறைவு செய்கின்றன. ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்த வேண்டியதில்லை. வந்த இடத்தில் கொடுப்பது வஞ்சனை அன்று.

ஆயினும் இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. முறியும் அவ்விடமே நமக்கு முதன்மையானது என்று கருதுகின்றோம். விண்மீன்களின் பரிமாற்றத்தில் கணக்கு ஒத்துவருகிறது. ஒன்று வெளியே செல்ல, மற்றொன்று உள்ளே வருகிறது. மனிதரின் பரிமாற்றத்தில் அவ்வாறில்லை. வறிய இடங்கள் வளர்த்த பிள்ளைகளை வளமான இடங்கள் பெற்றுக்கொள்கின்றன. திரும்பிச் செல்வதோ சிறிது. வானத்தில் ஈர்ப்பு விதி செய்யும் ஈட்டை மண்ணில் நீதிதான் செய்ய வேண்டும். ஆகவே கடன் பெயர்ந்தவரோடு முடிவதில்லை. அவரைப் பெற்றுக்கொண்ட இடமும் அவரை வளர்த்த இடத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. தன் மருத்துவமனைகளை வெளியாரின் உழைப்பால் நடத்திக்கொண்டே, அவர்களை வந்தேறிகள் என்று இகழும் நாடு இருமுறை அநீதி செய்கிறது. பெற்றதை மறுப்பது ஒன்று, பெற்றுத் தந்தவரைப் பழிப்பது மற்றொன்று.

முளையைப் பெயர்ப்பது விண்மீனின் விருப்பம் அன்று, அலை என்பதையும் மறத்தலாகாது. மனிதருள்ளும் போர், பஞ்சம், வேலையின்மை என்னும் அலைகளால் பெயர்ந்தோரே பலர். ஓடிப்போனவர் என்று அவர்களைப் பழிப்பதும், துணிந்து சென்றவர் என்று மட்டுமே புகழ்வதும் அலையைக் காணாத பார்வைகள். நமக்கு விண்மீன்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அலை நம்மை எங்கே சேர்த்தாலும், சேர்ந்த இடத்தில் எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்பது நம் தெரிவு. விண்மீனின் கொடை அறம் ஆகாமைக்கும் மனிதனின் கொடை அறம் ஆவதற்கும் அதுவே காரணம்.

இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் கதிரவன் முதிர்ந்து பருத்து, தன் புறப்படலங்களை விண்வெளியில் உதிர்த்துவிடும். தான் பெற்ற இரும்பும் தான் ஆக்கிய கார்பனும் அவற்றோடு செல்லும். அதற்குள் அது மேலும் இருபது முறை வலம்வந்து, எந்த வளையத்தில் நிற்குமோ, எவரும் அறியார். அங்குள்ள முகில் அதை ஏற்றுக்கொள்ளும். அம்முகிலில் பின்னொரு நாள் பிறக்கும் விண்மீன், கதிரவனின் ஊர் எதுவென்று கேட்கப்போவதில்லை. கேட்கத் தெரிந்த நாமோ, கேள்வியைச் சற்றே திருத்திக்கொள்ளலாம். எந்த ஊரிலிருந்து வந்தீர் என்று பிறரிடம் கேட்குமுன், யாரிடமிருந்து பெற்றோம், இங்கு யாருக்குக் கொடுத்திருக்கின்றோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.